வாயிலை நோக்கி நிற்கும் வண்டி

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழைச் சரிவில், திரிகூட மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் குற்றாலம். தென்மேற்குப் பருவக் காற்று ஆரியங்காவுக் கணவாயின் வழியே முகில்களைச் சுமந்து வர, ஆனி, ஆடி, ஆவணித் திங்கள்களில் இவ்வூரில் சாரல் பொழியும். வெயிலும் தூறலும் மாறி மாறி வரும் அந்நாள்களில் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றால அருவி முதலியவற்றில் நீராடப் பல்லாயிரவர் வந்து கூடுவர். ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தென்காசியிலிருந்து நடந்தும் மாட்டுவண்டியிலும் மக்கள் வந்த காலம் ஒன்று உண்டு. இன்று காரும் வேனும் பேருந்துமே மிகுதி. தென்காசி 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் முதல் தனி மாவட்டத்தின் தலைநகராகவும் விளங்குவதால், அவ்வூர்ச் சாலைகளில் வண்டிப் பெருக்கம் ஆண்டு முழுவதும் குறைவதில்லை.

இங்ஙனம் வரும் வண்டிகள் அனைத்தும் எங்கேனும் நிற்றல் வேண்டும். அருவியை அடுத்த இடமோ அகன்றதன்று. ஒருபுறம் மலை, மற்றொருபுறம் ஓடை, இடையே கடைகளும் கோயிலும் மக்கள் நடக்கும் வழியும். எஞ்சிய சிறிய வெளியிலேயே வண்டிகள் நிரையாக நிறுத்தப்படுகின்றன. அருவியின் ஓசை செவியில் விழுந்தவுடன் உடன் வந்தோர்க்கு ஒரு விரைவு தோன்றிவிடுகிறது. அவ்விரைவு ஓட்டுநரையும் பற்றிக்கொள்ளுகிறது. ஆதலின், கண்ட இடத்தில் வண்டியின் மூக்கை நுழைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அனைவரும் அருவிக்கு ஓடுகின்றனர். வண்டி மலையைப் பார்த்துக்கொண்டும், வழிக்குப் புறங்காட்டிக்கொண்டும் நிற்கிறது. அப்பொழுது அதனால் யாருக்கும் இடையூறு தோன்றுவதில்லை. இடையூறு தோன்றுவது திரும்பும் வேளையில்தான்.

நீராடி மீள்வோர் வண்டியில் ஏறும் நேரத்தை எண்ணிப் பார்க்கலாம். பொழுது சாய்ந்துகொண்டிருக்கும். தூறல் நின்றிருக்காது. ஈர ஆடையோடு ஐவர் அறுவர் உள்ளே அமர்ந்தவுடன் கண்ணாடிகள் உட்புறமாகப் பூத்து மங்கிவிடும். பின்கண்ணாடியில் நீர்த்துளிகள் திரண்டு நிற்கும். அதனைத் துடைக்கும் கருவி பல வண்டிகளில் இல்லை. வண்டிக்குப் பின்னாலோ, மக்கள் இடையறாது நடந்துகொண்டிருக்கும் வழி. எண்ணெய் தேய்த்த உடம்போடு அருவிக்கு விரையும் முதியோர், துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு ஓடும் சிறுவர், பழக்கூடையைச் சுமந்து செல்வோர் என இத்தனை பேரும் அவ்வழியே செல்வர். ஓட்டுநர் அந்த வழியினுள் வண்டியின் பின்புறத்தை முதலில் நீட்டுதல் வேண்டும். இருபுறமும் நிற்கும் வண்டிகளைக் கடந்து தம் வண்டி பாதியளவு வெளியே வரும் வரையில், வழியில் வருவோர் யாரென்பது அவர் கண்ணுக்குப் புலப்படாது. வருவோர்க்கும் அவரைக் காண இயலாது.

இதற்கு மாறாக, வந்தவுடனேயே வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தி, அதன் முகம் வழியை நோக்கும்படி நிறுத்திய ஒருவரை எண்ணுக. அவர் திரும்பும்போது முன்கண்ணாடியின் வழியே இருமருங்கும் நன்கு பார்த்து, மெல்ல முன்னேறி வழியில் கலந்துகொள்கிறார். அவர்தம் கண் வண்டியின் முற்பகுதிக்கு அண்மையில் இருத்தலின், வண்டி சிறிதளவு வெளிவந்தவுடனே வழி முழுவதும் தெரிந்துவிடுகிறது. முன்கண்ணாடிக்குத் துடைப்பானும் உண்டு.

இவ்விருவருள் எவரும் பின்னோக்கிச் செலுத்துதலைத் தவிர்த்தவர் அல்லர். முதலாமவர் புறப்படும்போது அதனைச் செய்தார்; இரண்டாமவர் வந்தபோதே செய்து முடித்தார். நிறுத்துமிடத்தில் நுழைந்து மீளும் எந்த வண்டிக்கும் பின்னோட்டம் ஒருமுறை வேண்டியதே. அதனை எப்பொழுது செய்வது, எவ்விடத்தினுள் செய்வது என்பவையே வினா. வரும்போது செய்பவர், தாம் சற்றுமுன் கடந்து கண்ணால் கண்ட ஒரு வெற்றிடத்தினுள் செல்லுகிறார். அவ்விடத்தின் மூன்று பக்கமும் வண்டியோ சுவரோ அடைத்திருக்கும். அதனூடே யாரும் நடப்பதில்லை. புறப்படும்போது செய்பவரோ, கண்ணுக்குத் தெரியாததும் கணந்தோறும் மாறுவதுமாகிய ஒரு வழியினுள் செல்லுகிறார். வேற்றுமை இவ்வளவே, ஆயினும் ஒரு குழந்தையின் உயிர் அவ்வேற்றுமையில் அடங்கியிருத்தல் கூடும்.

இம்முறை மோட்டார் வண்டியோடு பிறந்ததன்று. மாட்டுவண்டி வைத்திருந்த உழவர் மாலையில் வீடு திரும்பியதும் மாடுகளை அவிழ்த்துவிட்டு, வண்டியைக் கையால் பின்புறமாகத் தள்ளிக் கொட்டகையில் சேர்ப்பர். ஏர்க்காலும் நுகத்தடியும் வாயிலை நோக்கி நிற்கும். விடியற்காலை இருட்டில் மாட்டைக் கொண்டுவந்து நுகத்தில் பூட்டியவுடன் வண்டி புறப்பட்டுவிடும். வண்டியை முன்பக்கமாக உள்ளே ஓட்டிவிட்டால் மறுநாள் படும் பாட்டை அவர்கள் அறிவார்கள். பூட்டிய மாடு முன்னே நடக்கும் இயல்புடையது. பின்னே நடக்க எளிதில் இணங்காது. தீயணைப்பு நிலையத்திலும் வண்டிகள் முகம் வாயிலை நோக்கியே நிறுத்தப்படுகின்றன. மணி ஒலித்தபின் வண்டியைத் திருப்பிக்கொண்டிருக்கப் பொழுது ஏது?

போர்க்களத்தில் பின்வாங்குதலும் புறங்காட்டுதலும் இழிவெனக் கருதிய மரபு தமிழருடையது. அதனாலோ என்னவோ, 'பின்னுக்குச் செல்லுதல்' என்ற தொடருக்கே நம் பேச்சில் ஒரு தாழ்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வண்டியைப் பொறுத்தவரையில் அத்தாழ்வு பொருந்தாது. இங்கே முன்னர்ப் பின்வாங்கியவரே பின்னர் முகங்காட்டிச் செல்லுகிறார்.

இனி, பின்னோக்கி நுழைதல் குறுகிய இடத்தில் எளிதாவதற்கு ஒரு காரணம் உண்டு. அது வண்டியின் அமைப்பைப் பற்றியது. தென்காசியிலும் குற்றாலத்திலும் தேரோட்டத்தைக் கண்டவர்கள், தேரின் சக்கரங்கள் பக்கவாட்டில் திரும்பும் அமைப்புடையன அல்ல என்பதை அறிவர். சக்கரத்தின் அடியில் கட்டையைக் கொடுத்து, அது சறுக்கித் திசைமாறும்படி செய்தே தேரை வீதி முனையில் திருப்புகின்றனர். அத்தேர் முன்னோக்கியே வீதிகளைச் சுற்றி வந்து நிலை சேரும். பழைய குதிரை வண்டிகளிலோ முன் அச்சு முழுவதும் ஒரே முளையின்மேல் சுழன்று திரும்பியது. ஜெர்மனியின் மூனிச் நகரில் வண்டி செய்பவராக இருந்த ஜார்ஜ் லாங்கென்ஸ்பெர்கர் என்பவர், 1817-ஆம் ஆண்டில், முன்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனி முளையின்மேல் திரும்புமாறு ஓர் அமைப்பைக் கண்டார். லண்டனில் அவருக்கு முகவராக இருந்த ருடால்ப் அக்கர்மன் 1818-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதனால் அது இன்றளவும் அக்கர்மன் அமைப்பு என்றே வழங்குகிறது. கண்டவர் பெயர் மறைந்து, பதிவு செய்தவர் பெயர் நிலைத்தது ஒரு விந்தையே.

இன்றைய கார்களிலும் ஸ்டியரிங் சக்கரத்தைச் சுழற்றினால் முன்சக்கரங்களே திரும்புகின்றன. பின்சக்கரங்கள் வண்டியின் உடலோடு நேராகவே நிற்கும். இதன் விளைவை ஒரு மிதிவண்டியைக் கொண்டே மாணவர் காணலாம். ஈரமான மணலில் மிதிவண்டியை வளைத்து ஓட்டிவிட்டு இறங்கிப் பார்த்தால், மணலில் இரண்டு தடங்கள் இருக்கும். முன்சக்கரத்தின் தடம் வளைவின் வெளிப்புறத்திலும், பின்சக்கரத்தின் தடம் உட்புறத்திலும் அமைந்திருக்கும். முன்சக்கரம் சென்ற வழியே பின்சக்கரம் செல்லுவதில்லை. அது குறுக்கே வெட்டிக்கொண்டு செல்லும். ஒரு சிறிய கார் தன்னால் இயன்ற அளவு முழுவதும் வளைந்து திரும்பும்போது, உட்புறத்துப் பின்சக்கரம் தனக்கு முன்னுள்ள சக்கரத்தின் தடத்தைவிட்டு அரை மீட்டருக்கு மேலாகவே உள்வாங்கிச் செல்லும். பேருந்து போன்ற நீண்ட வண்டிகளில் இவ்வுள்வாங்கல் இன்னும் மிகுதி. தெருமுனையில் பேருந்து திரும்பும்போது அதன் பின்சக்கரம் ஓரத்துக் கல்லின்மேல் ஏறி இறங்குவதற்கு இதுவே காரணம். ஆகவே திரும்பும் பேருந்தின் பக்கத்தில் மிதிவண்டியில் செல்வோர் ஒதுங்கி நிற்றல் நன்று.

இரண்டு கார்களுக்கு நடுவே உள்ள இடத்தில் முன்பக்கமாக நுழைய முயலும் ஓட்டுநர்க்கு இவ்வியல்பே பகையாகிறது. முகப்பு உள்ளே செல்லும். ஆனால் உட்புறத்துப் பின்சக்கரம் குறுக்கே வெட்டிக்கொண்டு வந்து, அருகில் நிற்கும் வண்டியின் மூலையில் உடலை உரசச் செய்யும். அதனைத் தவிர்க்க அவர் மிக அகலமாக வளைந்து வருதல் வேண்டும். அவ்வளவு அகலம் குற்றாலத்தில் எங்கே உளது?

பின்னோக்கி நுழையும்போது அதே இயல்பு நட்பாகிறது. திசை மாறாத பின்சக்கரங்கள் முதலில் உள்ளே செல்லுகின்றன. உட்புறத்துப் பின்சக்கரம் அடுத்த வண்டியின் மூலையை ஒட்டியே வளைந்து செல்ல, திரும்பும் சக்கரங்களையுடைய முன்பகுதி வெளியே, இடம் உள்ள வழியில், வீசித் திரும்புகிறது. படகின் சுக்கான் பின்முனையில் இருப்பதை அனைவரும் கண்டிருப்பர். படகின் பின்முனையைச் சற்று அசைத்தாலே மூக்கு வேண்டிய திசைக்கு வந்துவிடும். பின்னோக்கிச் செல்லும் காரிலும் திருப்பும் சக்கரங்கள் செல்லும் திசைக்குப் பின்னால், சுக்கான் இருக்கும் நிலையில் அமைகின்றன. எனவேதான் குறுகிய இடத்திற்குள் வண்டியை நேர்படுத்துதல் எளிதாகிறது. வண்டி நிறுத்த வகுக்கப்படும் கட்டம் பெரும்பாலும் இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் உடையது; அதனுள் நாலு மீட்டர் நீளமுள்ள காரைக் கோணாமல் நிறுத்துவதற்கு இச்சுக்கான் நிலை பெரிதும் துணைபுரிகிறது.

1886-ஆம் ஆண்டில் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குப் பின்னோக்கிச் செல்லும் கியரே கிடையாது. வேண்டுமாயின் இறங்கித் தள்ள வேண்டியதுதான். பின்னர் வந்த வண்டிகளில், இரு பற்சக்கரங்களுக்கு இடையே மூன்றாவதாக ஒரு சிறு பற்சக்கரத்தைப் புகுத்திச் சுழற்சியின் திசையை மாற்றினர். வண்டியின் பின்கியர் இவ்வாறு அமைந்ததே. அது விரைவுக்காக அமைந்ததன்று. மெல்லச் செல்வதற்கே உரியது.

செய்முறையைக் காண்போம். இந்தியாவில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் செல்லுகின்றன. ஆகவே நிறுத்துமிடம் இடப்பக்கம் இருப்பதாகக் கொள்க. ஓட்டுநர் முதலில் அந்த வெற்றிடத்தை மெல்லக் கடந்து செல்லுதல் வேண்டும். கடக்கும்போதே அதனுள் கண்ணைச் செலுத்திப் பார்த்துக்கொள்ளுதல் மிகவும் இன்றியமையாதது. கல் கிடக்கலாம், பள்ளமோ வடிகாலோ இருக்கலாம், நாய் படுத்திருக்கலாம், குரங்குகள் மலிந்த குற்றாலத்தில் அவையும் இருக்கலாம், யாரேனும் குந்தி அமர்ந்து ஆடை பிழிந்துகொண்டும் இருக்கலாம். இடப்பக்க விளக்கை மினுக்கி, பின்னால் வரும் வண்டிக்குத் தம் கருத்தை முன்னரே தெரிவித்தல் வேண்டும். அவ்வாறு செய்யாவிடில் பின்வரும் வண்டி நெருங்கி வந்து ஒட்டிக்கொண்டு நிற்கும். பிறகு இருவருக்கும் வழியில்லை. ஒலிப்பானின் ஓசை மட்டுமே மிஞ்சும்.

நிரையாக நிற்கும் வண்டிகளிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டருக்குக் குறையாத இடைவெளி விட்டுச் சென்று, தம் வண்டியின் பின்முனை வெற்றிடத்தைக் கடந்ததும், முகப்பைச் சற்று வலப்பக்கம் சாய்த்து நிறுத்துதல் நலம். அப்பொழுது வண்டியின் வால் தானாகவே வெற்றிடத்தை நோக்கும். பின்கியரை இட்டு, நாற்புறமும் பார்த்து, ஸ்டியரிங்கை இடப்பக்கம் சுழற்றி மெல்லச் செல்ல வேண்டும். பின்னோக்கிச் செல்லுங்கால் ஸ்டியரிங் எப்பக்கம் திருப்பப்படுகிறதோ, அப்பக்கமே வண்டியின் பின்பகுதி செல்லும் என்பதை நினைவில் கொள்க. புதிதாய்ப் பழகுவோர் பலர் இதனைத் தலைகீழாக எண்ணித் தடுமாறுவர். பின்பகுதி இடப்பக்கம் செல்லும்போது முன்பகுதி வலப்பக்கம் வீசும். பின்னாலேயே கண் வைத்திருப்பவர் இவ்வீச்சை மறந்துவிடுவது இயற்கை. வழியில் செல்லும் இருசக்கர வண்டி ஒன்றை முன்மூலை தட்டிவிடுவது இம்மறதியினாலேயே. ஆதலால் இடையிடையே முன்னும் பார்த்தல் வேண்டும்.

பக்கத்து வண்டிகளுக்கு இணையாகத் தம் வண்டி நேர்ப்பட்டதும் ஸ்டியரிங்கை நேராக்கி, இரு பக்கக் கண்ணாடிகளிலும் தெரியும் இடைவெளி ஒத்திருக்கிறதா என நோக்கி, உள்ளே சென்று நிறுத்தலாம். ஒவ்வாதாயின் வெட்கப்பட வேண்டுவதில்லை. சற்று முன்னே வந்து, மீண்டும் நேர்படுத்திச் செல்லலாம். ஒரே முயற்சியில் நுழைந்துவிட வேண்டும் என்னும் வீம்பே உரசலுக்குக் காரணமாகிறது. கால் எப்பொழுதும் பிரேக்கின் மேல் இருத்தல் வேண்டும். மனிதர் மெல்ல நடக்கும் விரைவுக்கு மேல் செல்லலாகாது.

இந்திய வண்டிகளில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். எனவே இடப்பக்கப் பின்மூலை அவருக்கு மிகவும் எட்டாத மூலையாகும். அங்கே கண்ணாடி ஒன்றே துணை. உடன் வந்தவருள் ஒருவர் இறங்கி வழிகாட்டுதல் நம் நாட்டின் பழைய வழக்கம். "வரலாம், வரலாம்" என்று கையசைத்துக்கொண்டே இருந்து, திடீரென்று "ஹோல்டான்" என்று கூவி வண்டியின் உடலைத் தட்டும் ஒலியைக் கேளாத தமிழ்நாட்டுச் சாலை இல்லை. ஆங்கிலச் சொல்லே ஆயினும், அது இந்நாட்டுக் கிளீனர்களின் நாவில் முற்றும் தமிழாகிவிட்டது. வழிகாட்டுபவர் எங்கே நிற்கிறார் என்பது கருதத்தக்கது. வண்டிக்கு நேர் பின்னே நிற்பாராயின் அவரே முதலில் ஆபத்துக்கு உள்ளாவார். பின்மூலைக்கு வெளியே, ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தம் முகம் தெரியும் இடத்தில் நிற்றல் வேண்டும். ஓட்டுநர்க்கு அவர் உருவம் கண்ணாடியில் மறைந்த அந்நொடியே வண்டியை நிறுத்திவிட வேண்டும்; குரல் மட்டும் கேட்கிறதே என்று செல்லலாகாது. சாரலிலும் அருவியின் முழக்கத்திலும் குரல் மாறிக் கேட்பதும் உண்டு.

2019-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து இந்தியாவில் செய்யப்படும் கார்களில், பின்னால் தடை இருப்பின் ஒலியெழுப்பி உணர்த்தும் கருவி கட்டாயம் ஆக்கப்பட்டுள்ளது. பின்புறத்தைப் படமாகக் காட்டும் கேமராவும் பல கார்களில் காணப்படுகிறது. இவை நல்ல துணைகளே. ஆயினும் கேமராவின் சிறு கண்ணில் ஒரு துளி மழையோ சேறோ பட்டால் படம் கலங்கிவிடும். கருவி தாழ்ந்த கல்லையும் மெல்லிய கம்பியையும் உணராதிருத்தல் கூடும். கழுத்தைத் திருப்பிப் பார்த்தல் என்னும் பழைய முறைக்கு ஈடாக எதுவும் இன்னும் வந்துவிடவில்லை.

பின்னோட்டத்தின் தீமை எத்தகையது என்பதை அமெரிக்க நாட்டின் கணக்கு ஒன்று காட்டும். அந்நாட்டு அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை, பின்னோக்கிச் செல்லும் வண்டிகளால் ஆண்டுதோறும் சராசரியாக 210 பேர் இறப்பதாகவும் 15,000 பேர் காயமுறுவதாகவும் மதிப்பிட்டது. இறந்தோருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். நாலில் ஒரு பங்கினர் எழுபது வயதும் அதற்கு மேலும் ஆன முதியோர். தன் வீட்டு வாயிலிலேயே தந்தை பின்னோக்கிச் செலுத்திய வண்டியின் அடியில் சிக்கி உயிர்நீத்த இரண்டு வயதுக் குழந்தையின் பெயரால் 2008-இல் ஒரு சட்டம் அங்கே நிறைவேறியது. அதன் பயனாக 2018-ஆம் ஆண்டு மே முதல் அந்நாட்டுப் புதிய கார்கள் அனைத்திலும் பின்புறக் கேமரா கட்டாயம் ஆயிற்று. நிமிர்ந்து நிற்கும் ஒரு சிறு குழந்தையின் உயரம், பல வண்டிகளின் பின்கண்ணாடியின் கீழ்விளிம்பை எட்டாது. ஓட்டுநர் எவ்வளவு திரும்பிப் பார்த்தாலும் அக்குழந்தை தெரிவதில்லை. குழந்தை எங்கே நடக்கிறது? நிறுத்துமிடக் கட்டத்தின் உள்ளேயா, வழியிலா? வழியில்தான். அவ்வழியினுள் வண்டியின் பின்புறத்தைச் செலுத்தாதிருக்கவே இம்முறை.

நம் நாட்டுச் சட்டமும் இதனைக் கருதாமல் இல்லை. 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளில், யாருக்கும் ஆபத்தோ மிகுந்த இடையூறோ நேராது என்று தெளிந்த பின்னரே வண்டியைப் பின்னோக்கிச் செலுத்த வேண்டும் என்றும், தேவைக்கு மேற்பட்ட தொலைவு அவ்வாறு செல்லலாகாது என்றும் கூறப்பட்டிருந்தது. அவ்விதிகளுக்குப் பதிலாக 2017-இல் புதிய விதிகள் வந்தன. ஓட்டுநர் உரிமத்திற்கான தேர்விலும் பின்னோக்கிச் செலுத்தும் திறன் சோதிக்கப்படுகிறது. தேர்வில் தேறிய அன்றோடு அதனை மறந்துவிடுவோரும் உளர்.

குற்றாலத்தில் இம்முறையை வற்புறுத்தற்கு வேறொரு காரணமும் உண்டு. அங்குள்ள அருவிகள் மலையின் மேற்பகுதியில் பெய்யும் மழையால் நீர் பெறுவன. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கையிலேயே மேலே பெருமழை பெய்து, சில நிமிடங்களில் வெள்ளம் பாய்ந்து வருவது உண்டு. 2024-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் பழைய குற்றால அருவியில் இவ்வாறு திடீரென வெள்ளம் பெருகிற்று. நீராடிக்கொண்டிருந்தோர் அலறிச் சிதறி ஓடினர். பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். அத்தகைய வேளையில் முதற்கடமை, வண்டியை எண்ணாமல் மேட்டை நோக்கி ஓடுதலே. ஆனால் கரையேறிய நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வண்டிகளை எடுக்க முற்படும்போது, நிரையில் உள்ள வண்டிகள் ஒவ்வொன்றும் வழியினுள் பின்புறத்தை நீட்டித் திரும்பத் தொடங்குமாயின், ஒரு வண்டியின் திரும்பலுக்காகப் பத்து வண்டிகள் காத்து நிற்கும். காயமுற்றவரை ஏற்ற வரும் ஊர்தியும் மேலே ஏற இயலாது. முகம் வழியை நோக்கி நிற்கும் வண்டிகளோ ஒன்றன்பின் ஒன்றாக நீங்கிவிடும். ஓடையின் படுகையிலும் தாழ்ந்த கரையிலும் வண்டியை நிறுத்தாதிருத்தல் இதனினும் முதன்மையானது என்பதைக் கூற வேண்டுவதில்லை.

பின்னோக்கி நிறுத்துதல் எல்லா இடத்திற்கும் பொருந்துமோ எனின், பொருந்தாது. சில நிறுத்துமிடங்களில் கோடுகள் வழிக்குச் சாய்வாக வரையப்பட்டிருக்கும். அவை முன்பக்கமாக நுழைவதற்கென்றே அமைந்தவை. அங்கே பின்னோக்கி நுழைய முயல்பவர் வழியின் போக்குக்கே எதிராகத் திரும்ப வேண்டியிருக்கும். கட்டத்தின் பின்னே வீட்டுச் சாளரமோ, மக்கள் அமர்ந்து உண்ணும் இடமோ இருப்பின், புகைக்குழாயை அத்திசையில் திருப்பி நிறுத்துதல் பண்பன்று. பின்னே தடுப்புச் சுவரில்லாத பள்ளம் இருக்குமாயின், அங்கே எவ்வாறும் நிறுத்தாமல் வேறிடம் தேடுவதே அறிவுடைமை. ஏற்ற வேண்டிய மூட்டைகள் மிகுதியாக இருந்தால், பின்கதவு சுவரோடு ஒட்டிப்போகாதபடி சிறிது இடம் விட்டு நிறுத்தலாம்.

பேருந்து நிலையங்களைக் கண்டோர் இங்கே ஓர் ஐயம் எழுப்பக்கூடும். தமிழ்நாட்டின் பல பேருந்து நிலையங்களில் பேருந்துகள் முகப்பை மேடையை நோக்கி வைத்தே நிறுத்தப்படுகின்றன. புறப்படும்போது பின்னோக்கியே வருகின்றன. பயணியர் மேடையில் நின்றபடியே பேருந்தின் நெற்றியிலுள்ள ஊர்ப்பெயரைப் படிக்கவும், வெயிலிலும் மழையிலும் நனையாமல் ஏறவும் அவ்வமைப்பு உதவுகிறது. அதற்குரிய விலையைச் செலுத்துபவர் நடத்துநர். ஒவ்வொரு முறையும் அவர் கீழே இறங்கிப் பேருந்தின் பின்னே சென்று, குறுக்கே நடப்போரைக் கையால் தடுத்து நிறுத்தி, விசிலை ஊதி ஓட்டுநர்க்கு வழிகாட்டுதல் வேண்டும். இரண்டு விசில் ஒலித்தால் செல்லலாம். ஒன்று ஒலித்தால் அக்கணமே நிறுத்த வேண்டும். மழை கொட்டினாலும், பயணச்சீட்டுக்குச் சில்லறை கேட்டுப் பயணியர் அழைத்தாலும், பேருந்து நேர்ப்பட்டு முன்கியருக்கு மாறும் வரையில் அவர் மேலே ஏறுவதில்லை.